கிணற்றுக் கணக்கில் இல்லாத நாட்கள்

12.8.86, செவ்வாய்

இவர், மாமனார், மகள் கலா, நான் இருந்தோம்.

நான் தினமும் அளந்தெழுதும் கிணற்று மட்டத்தைக் கலா கல்லூரிப் பரீட்சைக் கட்டுரைக்காக இரண்டு கம்ப்யூட்டர் மொழிகளில் போட்டிருக்கிறாள். முந்தின நாள் அளவு கேட்டால், ஒன்று தேதி பார்க்காமல் மேல்வரியில் இருப்பதை எடுத்துக்கொள்கிறதாம். மற்றது நேற்றைய தேதி இல்லாவிட்டால் காலியாக விடுகிறதாம். விடைகள் ஒத்துவரவில்லை.

"இன்னாம்மா, மாசத்துக்கு மூணு நாளு காணோம்?"

"உங்கம்மா தூங்கிட்டிருப்பா" என்று மாமனார் சிரித்தார்.

வீட்டுக்கு விலக்கான நாட்களில் கிணற்றண்டை போவதில்லை என்று ஆண்கள் முன் சொல்ல வாய் வரவில்லை. "தண்ணி ஏறல, எறங்கல. மேல இருக்கறதையே போட்டுக்கோ" என்றேன். பொய். அவளும் அப்படியே நிரப்பிக்கொண்டு விடுதிக்கு பஸ் ஏறிவிட்டாள். அம்மன் விளக்கை ஏற்றவே கூசியது.

காலையில் கடிதம் போட வேண்டும்: கலா, நான் அளக்காத அந்த நாட்களைக் காலியாகவே விடு. திருத்த நாளிருக்கிறதா? சீக்கிரம் பதில் எழுது.