சூலத்தில் கட்டிய காகிதம்

வெகுதானிய வருஷம் ஆவணி மாதம் 12-ம் தேதி

பம்பாயில் கப்பல் ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் சிரஞ்சீவி அங்கமுத்துவுக்கு உன் ஆத்தாள் அத்தாயி எழுதிக்கொண்டது. மாரியாயி புண்ணியத்தில் நானும் உன் ஐயனும் சுகம். உன் சுகத்துக்கு எழுது என்று கேட்பதுதான் வழக்கம், இந்தத் தடவை நான் கேட்கவில்லை. உனக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரைக்கும் படி. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நீ ஒண்ணாம் வகுப்புப் படிக்கும்போது உன் சிலேட்டில் உன்னோடு சேர்ந்து எழுதிப் பழகின கை இது, வேறு வாத்தியார் எனக்குக் கிடையாது.

ஆனி மாதம் உன் கடிதம் வந்தது. எலும்புருக்கி பிடித்திருக்கிறது, இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்கிறார், மாமனை எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். அதோடு இங்கிலீஷில் எழுதின காகிதம் ஒன்று நாலாக மடித்து உள்ளே இருந்தது. டாக்டர் சீட்டாகத்தான் இருக்கும் என்றார் உன் ஐயன், நானும் அப்படியே நினைத்தேன். யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லலாம் என்றதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை, இந்த நோய் வந்த வீடு என்று வெளியில் தெரிந்தால் நாளைக்கு உன்னை எவனும் கிட்டே சேர்க்கமாட்டான் என்று பயந்தார். என் அண்ணன் சின்னண்ணனுக்கும் அவர் மகள் கமலவேணிக்கும் மட்டும் சொன்னோம். அவள் பிறந்த அன்றைக்கே உனக்கென்று பேசி வைத்த பெண், அவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஆத்தூர் அரிசி மில்லில் கணக்கு எழுதும் பையன் வீட்டிலிருந்து அப்போதுதான் அவளைக் கேட்டு வந்திருந்தார்கள். அங்கமுத்து நோயில் கிடக்கும்போது வேறு இடம் பார்த்தால் நான் மனுஷனா என்று உன் மாமன் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். உன் ஐயன் உன்னைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வேட்டி துண்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். ராசிபுரத்துக்கு வடக்கே பார்த்தறியாத மனுஷன், சேலம் ஜங்ஷனில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்து, எந்த வண்டி என்று கேட்கத் தைரியம் இல்லாமல் திரும்பி வந்தார். வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் நேராகக் கட்டுத்தரைக்குப் போய் எருமைக்குச் சோளத்தட்டுப் போட்டார்.

மனுஷனால் ஆகாததை மாரியாயிடம் விட்டேன். பிராது கட்டுவது உனக்குத் தெரியும், குறையை எழுதி ஆத்தாள் சூலத்தில் கட்டிவிட்டு மூன்று செவ்வாய் விரதம் இருக்க வேண்டும். உன் நோயை என் கோணல் எழுத்தில் எழுதுவதைவிட டாக்டரே எழுதினது ஆத்தாளுக்கு நன்றாக விளங்கும் என்று எண்ணி, அந்தக் காகிதத்தையே மஞ்சள் துணியில் முடிந்து சூலத்தில் கட்டினேன். மூன்றாம் செவ்வாய் முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஆடியில் அந்த மூன்று செவ்வாயும் முடிகிற வரைக்கும் உப்பில்லாத களிதான், ஒருவேளைதான். கமலவேணியும் என்னோடு சேர்ந்து அதையே தின்றாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான். செவ்வாய்தோறும் சூலத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான்.

முதல் செவ்வாயே அவள் ஊற்றின தண்ணீரில் முடிச்சு நனைந்துவிட்டது. காகிதம் கிழிந்துவிடுமே என்று அவிழ்த்துக் கல்லின் மேல் விரித்துக் காய வைத்திருக்கிறாள். பம்பாய் உத்தியோகக்காரனுக்குப் பெண்டாட்டியாகப் போகிறவள் நாலெழுத்து இங்கிலீஷ் தெரிந்துகொள்ளட்டும் என்று உன் மாமன் அவளை ராசிபுரத்தில் எட்டாவது வரைக்கும் படிக்க வைத்தது உனக்குத் தெரியும். உனக்காகப் படித்த படிப்பு, உன் காகிதத்தைப் படிக்க உதவியது. அது டாக்டர் சீட்டு இல்லை. சேலத்தில் இருக்கும் உன் சிநேகிதன் மணியனுக்கு நீ எழுதினது. அவனுக்கு வைக்க வேண்டியதை எனக்கு வைத்து அனுப்பிவிட்டு, தபாலில் தொலைந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பாய்.

அதில் அவளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியவில்லையாம். அதைக் கரியால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, வார சந்தைக்குப் போனபோது பழைய டீச்சரம்மாளைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். பிரிடெண்டு என்று சொல்ல வேண்டுமாம், ஏழு எழுத்தாம். இல்லாததை இருக்கிறதாகக் காட்டுவது என்று அந்த அம்மாள் சொன்னாராம். சின்னப் பிள்ளைகள் மண்ணைக் குவித்துச் சோறாக்கி ஒருவருக்கொருவர் பரிமாறுவதற்கும் அந்த வார்த்தைதானாம், பள்ளிக்கூடம் போகாமல் இருக்க வயிற்றுவலி என்று சுருண்டு படுப்பவனுக்கும் அதே வார்த்தைதானாம். எந்த இடத்தில் சொல்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் விளையாட்டா வஞ்சனையா என்று கண்டுகொள்ள வேண்டுமாம். அந்த வார்த்தையை அதன் இடத்தில் வைத்துப் படித்ததும் அவளுக்கு முழுதும் விளங்கிவிட்டது. மாமன் மகளைக் கட்ட எனக்கு இஷ்டமில்லை, நேராகச் சொன்னால் ஆத்தாள் அழுவாள், அதனால் நோயாளியாகப் பாவனை பண்ணுகிறேன், கொஞ்ச நாளில் அவளை வேறு எங்காவது கொடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய்.

இதைத் தெரிந்துகொண்டும் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. என் மனசு உடைந்துவிடும் என்று இரண்டு வாரம் என்னோடு உப்பில்லாத களியைத் தின்றுகொண்டிருந்தாள். மூன்றாம் செவ்வாய் நான் நாவிதர் முன்னால் உட்கார்ந்தபோது மட்டும் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தை, முடி மட்டும் வேண்டாமுங்க, எனக்காகக் கேக்கறனுங்க என்றாள். அவன் உசுரு உனக்குப் பெருசில்லையா சாமி, தள்ளி நில்லு என்று நான் அதட்டினேன். முடி இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து என் தலையில் சந்தனம் பூசினாள். அப்போதுதான், அத்தை, அந்தக் காயிதம் டாக்டரு எழுதுனதில்லீங்க என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். முன்னாடியே சொல்லாம உட்டது என் தப்புங்க என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தப்பு அவளுடையதாம், கேட்டாயா?

எனக்கு அழுகை வரவில்லை அங்கமுத்து, அவமானம்தான் வந்தது. சின்னதில் கூத்துப் பார்க்கப் போனால் திரும்பி நடக்கச் சோம்பல்பட்டுத் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வாய். உன் இமை துடிப்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தோளில் போட்டுத் தூக்கி வந்தேன், அதில் எனக்கும் சந்தோஷம் இருந்தது. இது அதுவா? இஷ்டமில்லை என்று ஒரு வரி தமிழில் எழுதியிருந்தால் இரண்டு நாள் அழுதிருப்பேன், நாலு நாள் உன்னைத் திட்டியிருப்பேன், பிறகு எழுந்து களி கிண்டியிருப்பேன். நான் அழுவேன் என்று பயந்தவனுக்கு, நீ சாகப் போகிறாய் என்று கேட்டால் நான் என்ன ஆவேன் என்று தோன்றவில்லையே. நாங்கள் பம்பாய்க்கு வந்து பார்க்கமாட்டோம் என்கிற தைரியத்தில்தானே எல்லாம் செய்தாய். நீ எனக்குக் கற்றுக் கொடுத்த இங்கிலீஷ் இந்த ஒரு வார்த்தைதான்.

உன் மாமனிடம் நானே போய்ச் சொன்னேன். சொம்புத் தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் கழித்து அவராகவே ஆத்தூருக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் நல்ல மனுஷர்கள், ஐப்பசியில் முகூர்த்தம் வைக்கலாம் என்கிறார்கள். ஆனால் முறைகாரப் பையன் நேரில் வந்து, நாலு பேர் முன்னால் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, எனக்கு இந்தப் பெண் வேண்டாம் என்று தன் வாயால் சொன்னால்தான் பெண் வீட்டில் கை நனைப்போம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்பதில் தப்பில்லை. கமலவேணி உன்னைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்து சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க அத்தை, அது போதுமுங்க என்றாள். நீ வராவிட்டால் அவள் கல்யாணம் நிற்கும். அதனால் புரட்டாசி முடிவதற்குள் வந்து சேர்.

லீவு கிடைக்கவில்லை என்று எழுதாதே. காய்ச்சல் என்று மட்டும் எழுதிவிடாதே. நிஜமாகவே காய்ச்சலாக இருந்தாலும் இனி நான் நம்பமாட்டேன், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ நிஜமாகப் படுத்துக் கிடக்கும்போது நான் இங்கே பேசாமல் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? அந்தப் பாவத்தை எனக்கு வைக்காதே சாமி.

சின்ன எருமை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு யாராவது பையனுக்கு எப்படிங்க இருக்குது என்று கேட்டால், நல்லா இருக்கறானுங்க, ஆத்தா காப்பாத்திட்டா என்கிறேன். உன் ஐயன் கடிதத்தில் உனக்கு ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. பம்பாய் மழையில் நனையாமல் இரு, வேளைக்குச் சாப்பிடு. மாரியாயி உன்னை நூறு வயசு நோய் நொடியில்லாமல் வைக்கட்டும், இதை நான் நிஜமாகத்தான் சொல்கிறேன். கமலவேணி எடுத்து வைத்திருந்த காகிதத்தை மறுபடியும் துணியில் முடிந்து சூலத்திலேயே கட்டிவிட்டேன். நான் அவிழ்க்கமாட்டேன், நீ வந்து உன் கையால் அவிழ்த்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் ஆத்தாள்
அத்தாயி