மிதிக்காத கால்

மார்ச் 3

இன்று விமானத்தைப் புல்லில் விட்டேன். பறக்கும்போது அல்ல, ஓடுபாதைக்குப் போகிற வழியில். தரையில் ஓடும்போது காலால்தான் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இத்தனை வருடம் பஸ் ஓட்டிய கை சும்மா இருக்குமா? வளைவு வந்ததும் கைப்பிடியை இடப்பக்கம் முழுசாக ஒடித்தேன். விமானம் பாட்டுக்கு நேராகப் போய்ப் புல்லில் நின்றது.

பயிற்சி கொடுக்கும் மேடம் என்னைவிட ரொம்பச் சின்னவர். "ஹாரன் தேடலியே சார்?" என்று கேட்டார்.

தேடினேன். சொல்லவில்லை.

மார்ச் 6

மழை. பறக்கவில்லை. பஸ் டியூட்டி மட்டும்.

மார்ச் 9

ஸ்டால் பாடம். மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால், இறக்கையின் மேல்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடும். என்ஜின் ஓடும், காற்றும் இருக்கும், இறக்கை மட்டும் தூக்காது; அதுதான் ஸ்டால். விழுகிறோமே என்று கைப்பிடியை இன்னும் இழுத்தால் தொலைந்தோம். முன்னால் தள்ள வேண்டும். காற்று மறுபடி இறக்கையை ஒட்டி ஓடும். கை ஒழுங்காகத் தள்ளியது. கால்தான்…

வலது இறக்கை தாழ்ந்தது. ஆபத்து என்றால் என் வலது கால் என்னைக் கேட்காது, பிரேக்கை மிதித்துவிடும். ஆனால் ஆகாயத்தில் அங்கே பிரேக் ஏது? அந்த மிதி வால் சுக்கானைத் திருப்பி மூக்கை வலப்பக்கம் இழுக்கும். தாழ்ந்த பக்கமே மிதித்ததும் விமானம் அந்தப் பக்கமே புரண்டது. கண்ணாடியில் தரை சுற்ற ஆரம்பித்தது. மேடம்தான் தன் பக்கத்துக் கைப்பிடியாலும் மிதியாலும் நேராக்கினார்.

"எதை நிறுத்தப் பாத்தீங்க?"

"எல்லாத்தையும்தான் மேடம்."

மார்ச் 10

பயந்துபோனேன். நேற்று இதை மட்டும் எழுதவில்லை, இன்று எழுதுகிறேன் — பயந்துபோனேன்.

மார்ச் 14

இன்றும் மிதித்தேன். ஒவ்வொரு ஸ்டாலிலும் மிதித்தேன். தலைமைப் பயிற்றுநர் கூப்பிட்டார். மாதக் கடைசிக்குள் என்னைத் தனியாகப் பறக்கவிட முடியாவிட்டால் என் இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். "பஸ்தான் இருக்கே, என்ன கவலை?" என்று தோளைத் தட்டினார். பஸ் இருக்கிறது. அதுதான் கவலை. வருடக்கணக்காக அதே தடம், அதே நிறுத்தங்கள். தடமே இல்லாத இடத்தில் ஒரு முறையாவது தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

வீட்டில் சொன்னேன். "நல்லதாப் போச்சு," என்றாள் மனைவி, துணியை மடித்துக்கொண்டே. கோபம் வந்தது. ஆனால் இவளிடம் என்ன எதிர்பார்ப்பது? காரில் என் பக்கத்தில் உட்கார்ந்தாலே, முன்னால் போகிற வண்டியைப் பார்த்து வெறும் தரையை மிதிப்பவள். அந்தப் பொம்மை விமானத்துல ஏறவே மாட்டேன் என்று முதல் நாளே சொல்லியாயிற்று.

மார்ச் 17

மேடம் சொன்ன வைத்தியம்: கண்ணை மூடி நாற்காலியில் உட்கார வேண்டும். குதிகால் இரண்டும் தரையில். யாராவது திடீரென்று திடுக்கிட வைக்க வேண்டும். கை முன்னால் போகலாம், வலது கால் அசையக் கூடாது.

மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். சரி, கேட்டது தப்பு என்று நினைத்தபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். காதருகே பாத்திர மூடி ஒன்று தரையில் விழுந்தது. கால் உதைத்தது.

"செத்தாச்சு," என்றாள். "இன்னொரு தடவை."

மார்ச் 21

தினமும் சாகிறேன். இவளுக்கு இது பிடித்துவிட்டதோ? இன்று நான் பல் தேய்க்கும்போதே மூடியைப் போட்டாள். குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"ம், பொழச்சீங்க."

மார்ச் 26

வலது இறக்கை தாழ்ந்தது. கை தள்ளியது. வலது கால் அசையவில்லை. இடது காலைக் கொஞ்சம் கொடுத்தேன், மூக்கு நேராக நின்றது. மேடம் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குமேல் பாராட்டு அவரிடம் கிடையாது.

மார்ச் 29

காலையில் ஒரு சுற்று முடிந்ததும் மேடம் இறங்கிக் கதவைச் சாத்தினார். கண்டக்டர் மாதிரி இரண்டு தட்டுத் தட்டினார். நான் கிளம்பினேன்.

ஒரு ஆள் குறைந்ததால் விமானம் சட்டென்று எழும்பியது. பக்கத்து சீட்டின் கீழே இருந்த மிதிகள் என் காலோடு சேர்ந்து தாமாக அசைந்தன. இறங்கும்போது காற்று ஒரு உலுக்கு உலுக்கியது, வேகம் குறைந்தது. தள்ளினேன். மிதிக்கவில்லை. தரையில் வளைவு வந்ததும் காலால் திருப்பினேன். என்ஜினை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் இறங்கவில்லை. அழுகையாக வந்தது.

வீட்டில் கேட்டாள்: "பக்கத்துல யாருமே இல்லையா?"

"இல்ல. அங்கயும் மிதி இருக்கு. அந்தப் பக்கம் உக்காந்து யாராவது மிதிச்சா, என் காலும் சேர்ந்து போகும்."

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

ஏப்ரல் 2

டியூட்டி முடிந்து வந்தேன். மனைவி கண்ணை மூடிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குதிகால் இரண்டும் தரையில்.

"லைசென்ஸ் வந்து பக்கத்துல ஆள் ஏத்த எவ்ளோ நாளாகும்?" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"ஆறு மாசமாவது ஆகும்."

"மூடி அடுப்பு மேல இருக்கு. சொல்லாம போடுங்க."

போட்டேன். இரண்டு காலும் உதைத்தன. ஆறு மாதம் இருக்கிறது.