டேப் ஒரு நூல்கூட இறங்கவில்லை

நானா, போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் சஹன் முன்னால் உட்கார்ந்தேன். ஆறு பேருக்கு ஒரே தட்டு. நெய்ச்சோற்று மணம் மூக்கில் ஏறியும் ஒரு பிடிக்குமேல் அள்ள மனம் வரவில்லை. சோற்றில் குறை இல்லை, சுற்றியிருந்த வாய்கள்தான் காரணம். தடித்த மனிதர் ஒருவர் பக்கம் இறைச்சியைத் தள்ளிவிட்டு, இவருக்குத் தனி சஹன் வேணும் என்றான் ஒருத்தன். மற்றவர்கள் சிரித்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

உங்களைப் பார்த்தும் ஊர் இதே பகிடியைத்தானே விட்டது. அண்ணனும் தம்பியுமாக நாம் ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சட்டியில் தின்றவர்கள். நீங்கள் வாப்பாவைப் போல அகலம், நான் உம்மாவைப் போல ஈர்க்குச்சி. தம்புள்ளையில் மரக்கறி மூட்டைகளோடு மாரடித்தவர் நீங்கள். மாத்தளையில் தையல் மிஷினை விட்டு அசையாதவன் நான். அதுவும் மோட்டர் பூட்டின மிஷின், காலுக்குக்கூட வேலை இல்லை. ஆனாலும் உடம்பை நல்லா வைத்திருக்கிறான் என்று என்னைத்தான் புகழ்ந்தார்கள். வெட்கமில்லாமல் அதை வாங்கிக்கொண்டேன்.

சீனி கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு நீங்கள் நடக்கத் தொடங்கினீர்கள். ரத்தோட்டை ரோட்டில் வேர்வை ஒழுக நடந்துவிட்டு என் கடையில் ஏறுவீர்கள். "அளந்து பாரு தம்பி" என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்பீர்கள். மூன்று மாதம் கழித்தும் இடுப்பு அப்படியே இருந்தது. இருந்தால் இருக்கட்டும், உடம்பு லேசாக இருக்கிறது என்றீர்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டேப் சொல்வதை மட்டும் நம்புகிற தையற்காரப் புத்தி.

பிறகு நாம் இருவரும் போன அந்தக் கல்யாணம். சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். வழக்கமான பகிடி முடிவதற்குள் நான் வாயைத் திறந்தேன். "மூணு மாசமா நடக்கிறாரு. டேப் ஒரு நூல் இறங்கல்ல. தேஞ்சது செருப்பு மட்டுந்தான்."

வாயிலிருந்த சோறு தெறிக்கச் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அடுத்த நாள் காலையில் நீங்கள் நடக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் நடக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் நீங்கள் போய்விட்டீர்கள், சந்தூக்கில் வைத்து உங்களை அடக்கத் தூக்கிப்போனோம். மையவாடி வாசலில் ஒருத்தன் தோளை மாற்றிக்கொண்டே, இந்தப் பாரத்துக்கு இன்னும் நாலு பேர் வேணும் என்று முணுமுணுத்தான். சீ, இவனும் ஒரு மனிதனா என்று இருந்தது. சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் அவனைவிட நான் எந்த வகையில் மேல்?

இப்போது எனக்கும் சீனி, நானா. இந்த ஈர்க்குச்சி உடம்புக்கு. டாக்டர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். தடிக்கிற வாகு பலருக்குப் பிறப்போடு வருகிறதாம். சீனியும் குடும்பத்தில் ஓடுமாம், மெலிந்தவன் என்று பார்த்து விட்டுவைக்காதாம். தினமும் நடந்தால் இடுப்பு குறையாமல் போனாலும் இரத்தத்தில் சீனி இறங்கலாம் என்றார். நேரே மதினியிடம் போய் உங்கள் கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். நீங்கள் நடந்த மூன்று மாதமும் சீனி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நிறுத்திய பிறகு ஏறியிருக்கிறது.

அதே ரோட்டில் நான் இப்போது நடக்கிறேன். ஒல்லியனுக்கு எதற்கு நடை என்று கடைவாசலில் கேட்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கண்ணாடியில் என் முகத்தையும்தான்.

ஒன்றை உங்களிடம் மறைக்க முடியாது. கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது மதினி அழுதார். "நல்லாத்தானே நடந்தாரு தம்பி, திடீரெண்டு சோம்பல் புடிச்சிட்டு. அதுக்காக அவர எவ்வளவு ஏசினேன்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மதினி, சோம்பல்தான்" என்றேன்.