முனிக்கு நாற்பது என்று எழுதியவள்

டேய் தீனா, என் ராசா,

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வருஷத் திதி. அம்மா நம் ஊர் லாபிஸில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். திதி முடிந்த கையோடு, ரயில் தண்டவாளத்தோரம் இருக்கும் நம் முனி கோயிலுக்குப் போகிறோம். அங்கே அம்மா மொட்டை போட்டுக்கொள்ளப் போகிறார். நீ செய்த சாமி குத்தத்துக்கு மன்னிப்பாம்.

நீ செய்த குத்தம்! கேட்கிறாயா? இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாம் இருவரும் தங்கியிருந்த ஜொகூர் பாரு வீட்டில் சனிக்கிழமைதோறும் நீயும் உன் கூட்டாளிகளும் பகடையும் நோட்டுமாக உட்காருவீர்களே, ஒருவன் கதை சொல்ல மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் ஆடும் விளையாட்டு, எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. கதை சொல்வது நீ. கடையில் வாங்கிய வெள்ளைக்காரப் புத்தகத்தில் எந்தெந்த நாட்டுச் சாமிகளோ பூதங்களோடு வரிசையாக நின்றன. ஒருநாள் அதில் காளியைப் பார்த்துவிட்டு நீ குதித்த குதி இருக்கிறதே!

"அக்கா, இங்க பாரு லா! எவனோ நம்ம காளி எத்தன அடி தாங்கும்னு நம்பர் போட்டு வச்சிருக்கான். இவனுக்கு யாரு சொன்னா?"

அதற்குப் பிறகுதான், நம் சாமி பேரை நாமே வைப்போம் என்று கிளம்பினாய். உன் கதையில் ஒரு ரப்பர்க் காடு, அதன் எல்லையில் ஒரு காவல்காரர். அவருக்கு நம் முனியின் பேரையே வைத்தாய். பெரிய மீசை, வெள்ளைக் குதிரை, அரிவாள், எல்லாம் நோட்டில் எழுதினாய். அடி தாங்கும் நம்பருக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

"சாமிக்கு எப்படிக்கா நம்பர் போடுறது? மனசே வரல."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "அடிக்கவே முடியலன்னா அப்புறம் என்னடா வெளாட்டு? குடு இங்க," என்று நோட்டைப் பிடுங்கி நாற்பது என்று போட்டேன். பெரிதாக, சிவப்புப் பேனாவில். நீ பதறிப்போய், அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தாய். சுருட்டு வைத்துக் கும்பிட்டால் வழி விடுவார்.

சுருட்டைப் பற்றி உன் கூட்டாளிகளுக்கு என்னடா தெரியும்? வாளை உருவிவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை பகடை அவர்கள் பக்கம் விழுந்தது. கதையில் முனி செத்தார். செவ்வாய்க்கிழமை காலை, மழையில், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற வழியில் உன் மோட்டார் சைக்கிளை லாரி இடித்தது.

காரியத்தன்று உன் கூட்டாளி ஃபைசால் அந்த நோட்டைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தான். பாவம், ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தான். தீனா மாதிரிக் கதை சொல்ல ஆள் இல்லை ஆண்ட்டி, கடைசியாக நாங்கள் முனியாண்டியைக் கொன்ற கதையை மறக்கவே முடியாது என்று மலாயில் அழுதுகொண்டே சொன்னான். அம்மாவுக்கு மலாய் நன்றாகவே புரியும்.

"நம்ம சாமியவா? என் புள்ளயா இத எழுதுனான்?" என்று அம்மா என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சிவப்பு எழுத்து யாருடையது என்று அம்மா கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து பெரியம்மா வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் வந்தாலும் இதே பேச்சுதான். "எம் புள்ள சாமியோட வெளாண்டுட்டான், சாமி எடுத்துக்கிச்சு." நீ வந்தாலே வீடு கலகலக்குமே, அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவாயே, அதையெல்லாம் இப்போது யாரும் பேசுவதில்லை. நீ சாமி குத்தம் செய்து செத்த பையன், அவ்வளவுதான். உன் படத்துக்கு விளக்கேற்றும்போதுகூட அம்மா உன்னைத் திட்டித்தான் அழுகிறார். லாபிஸுக்குப் போகும்போதெல்லாம் நானும் பக்கத்தில் நின்று எண்ணெய் ஊற்றுகிறேன். நான் எல்லாம் ஒரு அக்காவா?

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். மழை, வழுக்குகிற ரோடு, லாரி. வேறென்ன? அப்படியானால் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? நம்பாதவள் எதற்குப் பயப்படுகிறேன்? சொன்ன பிறகு அம்மா என்னை மகளாகப் பார்ப்பாரா, உன்னைக் கொன்றவளாகப் பார்ப்பாரா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. நீ இருந்தால், "சொல்லித் தொலக்கா" என்று தலையில் தட்டியிருப்பாய். எனக்கு இப்போது அப்படிச் சொல்லவும் ஆளில்லை.

உன் கூட்டாளிகள் விளையாட்டையே விட்டுவிட்டார்கள். போன வாரம் ஃபைசால் வந்து, அன்றைக்கு நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று வாசலிலேயே நின்று கேட்டான். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவனிடமும் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவேன், தீனா. சவரக்கத்தி அம்மாவின் தலையில் படுவதற்கு முன்னால், யாரிடமெல்லாம் உன்னைக் குற்றவாளியாகச் சொன்னாரோ அவர்கள் எல்லார் முன்னாலும் சொல்வேன். அம்மா என்னை அறையட்டும், இனி வீட்டுப் படி ஏறாதே என்று துரத்தட்டும். அதனால் நீ திரும்பி வரப்போவதில்லை. எனக்கும் இனிமேல் எதுவும் சரியாகும் என்று தோன்றவில்லை. ஆனாலும் அம்மாவை எழுப்பிவிட்டு மொட்டை போடும் அந்தப் பலகையில் நான் உட்காருவேன். இது சத்தியம்டா.

உன்மேல் பழி விழுந்தபோது வாய் மூடி நின்ற
உன் அக்கா