டோரத்தி வரைந்த என் பிள்ளை

சாலை,
திருவனந்தபுரம்.

அன்பு மகள் பூமாரிக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை, அதைத்தான் நீ அனுப்பிய வீடியோவில் பார்த்துக்கொண்டேனே. போனில் பேசினால் சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுக்கப் படி.

ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்காலைக்குக் கட்டாயம் வருவேன் என்றாய். அதை நம்பி முந்தின நாளே போய் என் அடுப்புக்குப் பக்கத்தில் உனக்கும் செங்கல் வைத்து இடம் பிடித்தேன். நீ என்ன செய்தாய்? பால்டிமோர் மியூசியத்தில் அந்த ஊர்க் கறுப்பின ஓவியர்களின் படங்களை எல்லாம் சேர்த்துக் கண்காட்சி வைக்கிறார்கள், நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார டோரத்தி அம்மா வரைந்த என் படமும் அதில் இருக்கிறது, திறப்பு அன்று நான் இல்லாவிட்டால் அவர்கள் மனசு வாடிப்போகும் என்று, ஆஸ்பத்திரி வேலையில் கிடைத்த லீவை அங்கேயே செலவழித்துவிட்டாய். என் மனசு வாடாதா ஏட்டி? உன் செங்கல்லில் விதுரா ஊர்க்காரி ஒருத்தி பானையை வைத்துப் பொங்கினாள். நல்ல மனுஷிதான், ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

வீடியோவை அப்பா தான் வேலை பார்க்கும் அரிசிக் கடை முழுக்கக் காட்டிவிட்டார். எதிர்வீட்டு சதி சேச்சி அதில் உன் படத்தைப் பார்த்துவிட்டு, அய்யோ, இது நம்முடெ பூமாரி தன்னே, இப்போ வாய் திறந்து பேசும் போல இருக்கல்லோ என்று கன்னத்தில் கை வைத்தாள். மற்றப் படங்களையும் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருக்கின்றன. முடிவெட்டும் கடையில் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கும் கிழவர், பெரிய பெரிய தொப்பி வைத்து சர்ச்சுக்குப் போகும் பெண்கள், வாசற்படியில் உட்கார்ந்து வம்பு பேசுகிறவர்கள். தங்கள் ஊர்க்காரர்களை உள்ளது உள்ளபடி வரைந்திருக்கிறார்கள், யாரையும் வெளுக்கவில்லை. உன் படம் வந்ததும்தான் எனக்கு வயிறு எரிந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட தம்பானூர் ஸ்டூடியோவில் எடுத்த போட்டோவில் அந்த ஆள் உனக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தானே, இது யார் பெற்ற பிள்ளை என்று அவனிடம் நான் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? இவள் அப்படிச் செய்யவில்லை. குளித்துவிட்டு வந்து நிற்கும்போது உன் நிறம் எப்படி மினுங்கும், கன்னத்தில் ஒரு செம்மை, கழுத்தடியில் ஒரு நீலம், அத்தனையும் அப்படியே வைத்திருக்கிறாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஞாயிறுதோறும் ஜன்னலோரம் அவள் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாயாம். தலைக்கு எண்ணெய் வைக்க உன்னை ஓர் இடத்தில் இருத்த நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்! போதாததற்கு வீடியோ கடைசியில் அவளைக் கட்டிப்பிடித்து மாம் என்கிறாய். பொறாமையா பிரேமா என்று அப்பா கேட்டார். ஆமாம், பொறாமைதான், பெற்றவளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும் என்றேன். பிள்ளை குட்டி இல்லாத மனுஷி என்று நீ சொன்னதும் மறக்கவில்லை. அவளுக்கு, சரி, அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புகிறேன், பாதியை அவர்களுக்குக் கொடு. பாதி வேண்டாம், கொஞ்சம் கொடு.

பனியில் காதை மூடிக்கொண்டு போ. நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. அடுத்த லீவு எனக்குத்தான், யார் கண்காட்சி வைத்தாலும் சரி. எனக்குச் சேலை, சென்ட் என்று ஒன்றும் வாங்கி வர வேண்டாம். அங்கே எத்தனை ஞாயிறு உட்கார்ந்தாயோ அத்தனை நாள் என் முன்னாலும் உட்கார். எனக்கு வரையத் தெரியாது, சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆற்றுகால் அம்மை கூடவே இருந்து உன்னைக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. டோரத்தி அம்மா உன்னை முன்னால் இருந்து பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள். உன் வலது காதுக்குப் பின்னால் இருக்கும் மச்சம் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. நீயாகச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
பிரேமா