சுறாவின் வாயில் மூன்று முறை

அன்புள்ள அம்மாவுக்கு உன் மகன் எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? தையல் மிஷினைக் காலால் மிதிக்காதே, மோட்டார் போடச் சொன்னேனே, போட்டாயா?

எனக்கு இப்போது சினிமாக் கம்பெனியில் தையல் வேலை. ஆளைத் தின்னும் சுறா படம். கையில் காசில்லாத கம்பெனி என்பதால் படம் முழுக்க ஒரே ரப்பர் சுறாதான். தினமும் அதன் வயிறு கிழியும், தினமும் நான் தைப்பேன். போன வாரம் கடிபட வேண்டிய நடிகர்கள் வரவில்லை.

"டெய்லரு, நீ இறங்குய்யா" என்றார் டைரக்டர்.

பயப்படாதே, தொட்டியில் தண்ணீர் இடுப்பளவுதான். தொப்பி வைத்து ஒரு முறை, மீசை ஒட்டி ஒரு முறை, இரண்டும் இல்லாமல் ஒரு முறை செத்தேன். மூன்றாம் முறை சுறாவின் வாய் சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. கொஞ்ச நேரம்தான். தோளில் சின்னக் கீறல், ஆறிவிட்டது. அப்போது என்னை அறியாமல் "அம்மா!" என்று கத்திவிட்டேன்.

டைரக்டர் துள்ளிக் குதித்தார். "இதான்யா அலறல்! இனிமே எல்லாரும் இப்படியே கத்துங்க."

உன் தடித்த ஊசியில் நான்கு அனுப்பு. இங்கேயும் விற்கிறார்கள், கைக்கு வாகாக இல்லை. உனக்கு இப்போது யார் நூல் கோத்துத் தருகிறார்கள்? மறக்காமல் எழுது.

சுறாவை இறக்கிவிட்டார்கள், என்னைக் கூப்பிடுகிறார்கள். காலையிலிருந்து நடிகர்களும் நானுமாகப் பதினோரு பேர் தண்ணீரில் நின்று "அம்மா, அம்மா" என்று கத்துகிறோம். அதில் உன்னைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

உன் மகன்