துடிப்பு அடங்கும் நேரம்

நம் குட்டியின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி தேவலையா? அப்பாவின் இருமல் நின்றதா?

இங்கே தொலைதூரப் பந்தயத்துக்குக் குதிரை வளர்க்கிறார்கள் என்று சொன்னேனே. ஓடி முடித்ததும் எதன் இதயம் சீக்கிரம் அடங்குகிறதோ, அதைத்தான் இனவிருத்திக்கு வைத்துக்கொள்வார்கள். நேற்று நான் கவனிக்கும் பெண்குதிரை வெள்ளைச்சி நாற்பது கிலோமீட்டர் ஓடி வந்தாள். அரை மணி ஆகியும் துடிப்பு இறங்கவில்லை.

"இது தேறாதுப்பா, கழிச்சிடலாம்" என்று குதிரை டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார்.

போன மாதம் பால் மறக்கடித்துப் பிரித்த அவள் குட்டி எதிர் லாயத்தில் கத்திக்கொண்டிருந்தது. "சார், குட்டியைத் தள்ளி அடைச்சிட்டுப் பாருங்க" என்றேன். நானே இழுத்துக்கொண்டுபோய்க் கடைசி லாயத்தில் அடைத்தேன். பத்தே நிமிடத்தில் அவளுக்கு அடங்கிவிட்டது. டாக்டர் என் முதுகில் தட்டினார். அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அலுப்புதான், வேறொன்றுமில்லை.

முழங்கால் மடக்க வரவில்லை, தைலம் அனுப்பு. தீவன லாரிக்காரன் வந்து ஹாரன் அடிக்கிறான், போக வேண்டும்.

இன்னொன்று. போன் பேசும்போது நம் குட்டி அழுதால் அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போகாதே. அழட்டும். என் துடிப்பை இங்கே யாரும் எண்ணுவதில்லை.